ஒற்றைப்படை எமிலுக்கு, இரட்டைப்படை எனக்கு

பேருந்தை விட்டு நடக்கத் தொடங்கி அரைமணி நேரம் ஆகியிருந்தது. திரும்பிப் பார்த்தபோது அது காட்டோரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஓட்டுநர் அதன் அடியில் கிடந்தார், கால்கள் மட்டும் தெரிந்தன. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் பேருந்து நின்றால் முதலில் சண்டை வரும். நடத்துநரின் பாட்டன் வரை இழுத்துப் பேசிவிட்டுத்தான் அடுத்த யோசனை. இங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பையை எடுத்தார்கள், நடந்தார்கள். போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வழியில் இறங்கி நடப்பது இவர்களுக்குப் பழகிய காரியம்.

என்னோடு நடந்தவர் ஓட்டமாவடிக்காரர், துணி வியாபாரி. நடத்துநர் அவரைக் காக்கா என்று கூப்பிட்டார். எங்களுக்குப் பக்கத்தில் காயல்பட்டினத்திலும் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானும் காக்கா என்றே கூப்பிட்டேன். அவருக்குச் சந்தோஷம்.

சற்று முன்பு தாண்டி வந்த சோதனைச் சாவடியில் என் பையைத் திறந்து பார்த்தார்கள். இரண்டு சட்டை, ஒரு சாரம், துண்டு, தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த மக்ரூன் பெட்டி. சிப்பாய் பெட்டியைத் திறந்து முகர்ந்தான். எடுத்துக்கொள் என்று கை காட்டினேன். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு இன்னொன்றைப் பக்கத்தில் நின்றவனுக்குக் கொடுத்தான். பிறகு நூலை நான் கட்டியிருந்ததைவிட அழகாகக் கட்டித் தந்தான். சின்ன வயது.

காக்கா அதைத்தான் பேசிக்கொண்டு வந்தார்.

"இப்ப பரவாயில்ல தம்பி. முந்தி எண்டா உங்கட பெட்டி ஊர் போய்ச் சேராது. என்ட ரேடியோவை எடுத்தவங்க, பற்றரிய எடுத்தவங்க. எடுத்தா எடுத்ததுதான்."

அந்த ரேடியோவைப் பற்றி அவர் மேலும் ஏதோ சொன்னார். நான் கேட்கவில்லை. எமிலிடம் சொல்வதற்கு ஒரு பொய் தேடிக்கொண்டே கடல் தாண்டி வந்தவன் நான். அது இங்கே ரோட்டில் கிடந்தது.

எமில் யார் என்று சொல்லிவிடுகிறேன். பஹ்ரைனில் நாலு வருடம் நாங்கள் ஒரே அறை. அவன் தச்சன், நான் அவனுக்குப் பலகை பிடிக்கிறவன். எட்டாவதோடு பள்ளியை விட்ட எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். அவன் மட்டக்களப்பில் பறங்கியர் வீட்டுப் பிள்ளை, போர்த்துக்கீசியர் வழி வந்தவர்கள். பிடிலும் ஆட்டமும் இல்லாமல் அவர்கள் வீட்டில் கல்யாணம் நடக்காது, ஆங்கிலப் பாட்டு அவனுக்குச் சாப்பாட்டு நேரத்துப் பாட்டு.

வேலை முடிந்து ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் வெள்ளிக்கிழமைகளில் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி விற்பார்கள். அப்படி ஒரு வாசலில்தான் முதல் இசைத்தட்டை வாங்கினோம். லண்டனில் அந்தந்த மாதம் மேலே வந்த பாட்டுகளில் பன்னிரண்டைச் சேர்த்து ஒரு பெரிய தட்டு. உறையில் ஒரு எண், சிரிக்கிற ஒரு பெண். பாடியவர் பெயர் எங்கும் இராது. எண் இருந்ததால் வந்த வினை அது. மூன்றும் ஏழும் கையில் இருந்தால் நடுவில் உள்ளவை வேண்டும் போலிருக்கும். வெள்ளிக்கிழமை ஒவ்வொன்றும் அதற்கே போயிற்று. பதினேழு மட்டும் எட்டு மாதம் அகப்படவில்லை. கடைசியில் ஒரு பல் டாக்டர் வீட்டு வாசலில், இஸ்திரிப் பலகைக்கு அடியில் அது கிடந்ததை எமில் பார்த்துவிட்டான். ஆசை தெரிந்தால் விலை ஏறும் என்று பலகையையே பேரம் பேசினான். இரண்டையும் வாங்க வேண்டியதாயிற்று. சட்டை தேய்க்காத இரண்டு பேர் இஸ்திரிப் பலகையோடு அறைக்கு வந்தோம்.

ஒன்றிலிருந்து இருபத்து நாலு வரை சேர்த்த பிறகு எங்கள் வேலை ஒப்பந்தம் முடிந்தது. பங்கு போட்டோம். ஒற்றைப்படை எமிலுக்கு, இரட்டைப்படை எனக்கு. யாரும் விற்றுவிடக் கூடாது என்று அவன் ஒரு வழி சொன்னான். உறைகளை மாற்றிக்கொள்வோம். என் தட்டுகள் அவன் உறைகளில், அவன் தட்டுகள் என் உறைகளில். வாங்க வருகிறவன் உறையில் ஓர் எண்ணும் தட்டில் வேறு எண்ணும் பார்த்து வேண்டாம் என்று போய்விடுவான். என்றைக்காவது ஒரே இடத்தில் சேரும்போது எல்லாம் சரியாகிவிடும். அறையில் இருந்த மலையாளி, இதற்கு நீங்கள் இருவரும் கல்யாணமே செய்துகொள்ளலாம் என்றார்.

என் பங்கை ஆறு வருடம் சுமந்தேன். மங்களூர், சூரத், விசாகப்பட்டினம் என்று வேலை எங்கே கிடைத்ததோ அங்கே. பம்பாயில் ஒரு நடைபாதைக் கடைக்காரன் தட்டுகளைப் புரட்டிப் பார்த்து, இது அசல் இல்லையே, அசல் பாட்டைக் கேட்டு அப்படியே கூலிக்குப் பாடியவர்கள் என்றான். பிறகு அசலை ஒரு கடையில் கேட்டேன். அதுதான் எனக்கு நகல் மாதிரி இருந்தது. ஆனாலும் அன்றிலிருந்து பெட்டி கனக்கத் தொடங்கியது.

ஹூப்ளியில் ஒரு லாரிக்காரர், ஆளை ஏற்றுவேன், பெட்டியை ஏற்ற இடமில்லை என்றார். எதிரே பழைய பேப்பர் கடை. கொடுத்தேன். கடைக்காரன் உறைகளைக் கிழித்துத் தட்டையாக்கி அட்டைக் கட்டில் வைத்தான். தட்டுகளை உடைந்த வாளிகள் கிடந்த குவியலில் எறிந்தான். லாரியில் ஏறிக்கொண்டே பார்த்தேன். பசிக்காக விற்றிருந்தால் எமிலுக்கு எழுதியிருப்பேன். சுமக்க அலுத்துப்போய்க் கொடுத்ததை எப்படி எழுதுவது?

சுனாமி எங்கள் கரைக்கும் வந்தது. மட்டக்களப்பில் அடித்த அடியைச் செய்தியில் பார்த்துவிட்டு, அவர்கள் மாதா கோயிலின் முகவரிக்கு எமில் பெயரில் ஒரு கடிதம் போட்டேன். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. கடலோரம் இருந்த வீடு இல்லை. மனைவி டொரீன் இல்லை. மகள் ஷெரினும் அவனும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள். அவன் செய்த மரப்பெட்டி மணலுக்குள் கிடந்தது, தட்டுகள் பன்னிரண்டும் தப்பிவிட்டன. ஆனால் உறைகள் கூழாகிவிட்டன. அவை என் உறைகள். மனைவியை ஒரு வரியில் எழுதியவன் உறைகளுக்கு அரைப்பக்கம் மன்னிப்புக் கேட்டிருந்தான்.

அதற்கு என்ன பதில் எழுதுவது? உன் உறைகளும் என் தட்டுகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, கவலைப்படாதே என்று எழுதினேன்.

போர் முடிந்ததும் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. முதிரை மரத்தில் ஓர் அலமாரி. இருபத்து நாலு தடுப்பு. பின்னால் எழுதியிருந்தான்: பாதை திறந்தாச்சு, கொண்டு வா.

ஓட்டமாவடியில் காக்கா தன் கடைக்குக் கூட்டிப்போய்த் தேநீர் வாங்கித் தந்தார். பால் இல்லாத தேநீர். சீனியைத் தனியாக உள்ளங்கையில் வைத்து, ஒரு வாய் சீனி, ஒரு வாய் தேநீர். எங்கள் ஊரில் இப்படிக் கொடுத்தால் கடைக்காரனுக்குச் சோம்பல் என்பார்கள். இரண்டு கிளாஸ் குடித்தேன். ரொட்டியும் எருமைத் தயிரும் வந்தன. தயிர்ச் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது போலிருந்தது. அன்றைக்கு அவருடைய கடை விறாந்தையிலேயே படுக்கச் சொன்னார்.

மறுநாள் மட்டக்களப்பு. புளியந்தீவில் இறங்கினால் எந்தத் தெருவில் நடந்தாலும் முடிவில் தண்ணீர் நிற்கிறது. தூத்துக்குடியில் கடல் கிழக்கே இருக்கும், திசை தவறாது. இங்கே வாவி நாலு பக்கமும் இருந்து ஆளைக் குழப்புகிறது. வீடு போய்விட்டது தெரியும், ஆனால் என் நோட்டில் வேறு முகவரி இல்லை, பழையதையே ஆட்டோக்காரரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் கேட்காமல் கொண்டுபோய் டச்பார் என்கிற இடத்தில் கடலோரம் இறக்கினார். மணல், ஒரு கிணறு, சிமெந்துத் தரைகள். ஒரு தரையில் சிவப்புச் சாயம் இன்னும் இருந்தது, பூச்செடித் தொட்டி வைத்த வட்டம் தெரிந்தது.

"இஞ்ச ஒருத்தரும் இல்லயே," என்றேன் அவர் பேச்சிலேயே.

"நீங்க இந்த இடத்தத்தானே கேட்டீங்க. ஆக்களக் கேக்கயில்லயே," என்றார். அந்த ஆட்கள் எல்லாரும் இப்போது திராய்மடுவில் என்று சொல்லி வண்டியைத் திருப்பினார்.

திராய்மடுவில் சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகள் ஒரே அச்சில் வார்த்தவை. எமில் வீட்டைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மற்ற வீடுகளின் கதவுகள் சாதாரணமானவை, அவன் வீட்டுக் கதவில் கொடியும் இலையும் செதுக்கியிருந்தது. மாமரத்தடியில் ஒரு பலகையை இழைத்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் இழைப்புளியைக் கீழே வைத்தான், பிறகு என் கைகளைப் பார்த்தான், பிறகு எனக்குப் பின்னால் ஆட்டோவைப் பார்த்தான்.

"எங்க மச்சான் பெட்டி?"

இருபது வருடத்துக்கு மேல் கழித்துக் கேட்ட முதல் கேள்வி. தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். வரும் வழியில் சாவடியில் பிடித்துக்கொண்டார்கள் என்றேன்.

எமில் பலகை மேல் உட்கார்ந்தான். எந்தச் சாவடி என்றான். எத்தனை மணி, எத்தனை பேர் நின்றார்கள், எழுதி எடுத்தார்களா, ரசீதுத் துண்டு தந்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். துண்டு ஒன்றும் தரவில்லை என்றேன். வருத்தத்தில் கேட்கிறான் என்று நினைத்தேன். அவன் மனதில் குறித்துக்கொண்டிருந்தான் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

ஷெரின் பிட்டும் வாவி இறால் கறியும் கொண்டுவந்தாள். முப்பதை நெருங்கும் பெண், தையல் வேலை செய்கிறாள். நான் கொடுத்த மக்ரூனை உடைத்து வாயில் போட்டுவிட்டு, காற்றைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்றாள். எங்கள் ஊரில் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வோம்.

"அங்கிள், உங்கட பன்னிரண்டும் வந்தா எனக்குத்தான் நிம்மதி. அப்பா ஒண்டப் போடுவார், மறுகா ரெண்டு இல்லயெண்டு பெருமூச்சு. மூண்டப் போடுவார், மறுகா ஒரு பெருமூச்சு. எல்லாப் பாட்டையும் நான் பெருமூச்சோடதான் கேட்டிருக்கன்."

அலமாரி வீட்டின் முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அந்த வீட்டில் அதுதான் பெரிய சாமான். ஒன்று விட்டு ஒரு தடுப்பில் தட்டு இருந்தது, நடுவில் உள்ளவை காலி, பல் விழுந்த வாய் மாதிரி. தட்டுகளுக்கு உறை தைத்தவள் ஷெரின். நிவாரணக் கூடாரம் கிழிந்தபோது அந்தத் துணியில் வெட்டித் தைத்திருக்கிறாள். நடுவில் ஒட்டியிருந்த தாள்களும் கடல் தண்ணீரில் உரிந்துவிட்டதால் எது எந்த எண் என்று ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. தட்டின் உள்வட்டத்தில் ஊசிமுனையால் கீறின மாதிரி சின்னதாக எண் இருக்கும். முகாமில் இருந்த நாட்களில் எமில் ஒவ்வொன்றையும் வெயிலில் சாய்த்துப் பார்த்து அதைக் கண்டுபிடித்து, உறைமேல் கதவுக்கு அடிக்கிற பச்சைப் பெயின்டால் எழுதியிருந்தான்.

"உன்ட கவர் பன்னிரண்டையும் காப்பாத்த ஒண்ணாமப் போச்சு மச்சான்," என்றான். "தட்டு தப்பினது பெட்டியால. கவரையும் தனிய ஒரு பெட்டியில வெச்சிருக்கோணும். என்ட பிழைதான்."

கடிதத்தில் படித்தது வேறு, எதிரே நின்று கேட்பது வேறு. பரவாயில்லை என்று சொல்லக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. இறால் கறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினேழைப் போட்டான். கோயில் மண்டபத்திலிருந்து உடைந்து வந்த பிளேயரை அவனே சரிசெய்து வைத்திருந்தான். ஊசி தொட்டதும் மணல் சத்தம், அதற்குள்ளிருந்து அந்தப் பெண் குரல் வந்தது. எனக்கு இருபத்தைந்து வயதில் கேட்ட குரல். பாட்டின் வார்த்தைகள் அப்போதும் புரியாது, இப்போதும் புரியாது. எந்த இடத்தில் மூச்சு வாங்குவாள் என்பது மட்டும் தெரியும்.

இவர்கள் கூலிக்குப் பாடியவர்களாம், தெரியுமா என்று கேட்டேன். எமிலுக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது.

"நான் அடிச்ச கதவு இந்த டிஸ்ட்ரிக்ட் முழுக்க நிக்கிது. ஒண்டிலயாவது என்ட பேர் இருக்கா? அதுக்காக அது கதவில்லயா?"

அப்போது சொல்லியிருக்கலாம். பாட்டு முடிந்து ஊசி சுற்றிக்கொண்டிருந்த அந்த அரை நிமிடத்தில் சொல்லியிருந்தால், கெட்டது ஒரு சாயந்தரத்தோடு போயிருக்கும். நான் அடுத்த பாட்டைப் போடச் சொன்னேன்.

மறுநாள் காலை நான் முகம் கழுவி வந்தபோது எமில் வெள்ளைச் சட்டையும் சப்பாத்தும் போட்டுத் தயாராக நின்றான். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. விடிந்ததுமே கிராம சேவகர் வீட்டுக்குப் போய்க் கடிதம் வாங்கி வந்திருக்கிறான். இந்த எமில் எனக்குத் தெரிந்தவர், இந்த ஊரில் வசிப்பவர், இவருடைய பொருளைத் திருப்பிக் கொடுக்க ஆவன செய்யவும் என்று முத்திரை குத்திய கடிதம். அதோடு சிங்களத்தில் ஒரு பட்டியல், இரண்டு முதல் இருபத்து நாலு வரை பன்னிரண்டு எண்கள்.

"வெளிக்கிடு. சாவடிக்குப் போவம்," என்றான்.

போனால் போகட்டும் எமில், பழைய தட்டுதானே என்றேன்.

"அப்பிடி விட ஒண்ணா. இஞ்ச நாங்க இதுவரைக்கும் விட்டது காணும்."

பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவன் எனக்கு விளக்கிக்கொண்டு வந்தான். சாவடியிலோ முகாமிலோ ஒன்றை எடுத்தால் சும்மா இருக்கக் கூடாது. கிராம சேவகரின் கடிதம், முடிந்தால் பாதிரியாரின் கடிதம், பிறகு சுத்தமான சட்டை. போய் நிற்க வேண்டும். இல்லை என்றால் அடுத்த வாரமும் போய் நிற்க வேண்டும். அவன் சைக்கிளை ஏழு மாதம் கழித்துத் திருப்பி வாங்கியிருக்கிறான். டொரீனின் தம்பியைத் தேடி ஒரு வருடம் இப்படிப் போய் நின்றார்கள். அவன் கிடைக்கவில்லை. முப்பது வருடத்தில் எல்லாரும் படித்துக்கொண்ட முறை இது. வெளியூர்க்காரனான எனக்கு, எடுத்தால் எடுத்ததுதான் என்ற பாதிப் பேச்சு மட்டும் காதில் விழுந்திருந்தது. காக்கா தன் ரேடியோவைப் பற்றி மீதியில் என்ன சொல்லியிருப்பார் என்று இப்போது யோசித்தேன்.

செங்கலடி போயிற்று, வந்தாறுமூலை போயிற்று. பல்கலைக்கழகப் பிள்ளைகள் ஏறினார்கள், இறங்கினார்கள். கூட்டம் இருக்கிறது, இறங்கியதும் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இறங்கியபோது எமில் கோப்பை நெஞ்சோடு பிடித்து முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டான்.

சாவடியில் அதிகாரி ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். எமில் நன்றாகச் சிங்களம் பேசுவான். கடிதத்தை இரண்டு கையாலும் கொடுத்தான். அதிகாரி படித்துவிட்டு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அந்தச் சின்ன சிப்பாய்தான் வந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். கையால் ஒரு சின்னப் பெட்டி காட்டி, வாயில் ஏதோ போடுவது போலக் காட்டினான். சிங்களம் தெரியாத எனக்கும் அவன் சொன்னது எழுத்து எழுத்தாகப் புரிந்தது. இந்த மாமாவிடம் இனிப்புப் பெட்டி ஒன்றுதான் இருந்தது, ஐயா.

எமில் இல்லை என்றான். சிப்பாய் மறுபடி சொன்னான். எமிலின் குரல் உயர்ந்தது. அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. விரல் நீட்டினான். அவன் என்ன சொன்னான் என்பதைப் பிறகு நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன். இவனை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும், இவன் பொய் சொல்லுகிற ஆள் இல்லை, உங்கள் ஆள்தான் பொய் சொல்கிறான் என்று சொல்லியிருக்கிறான். மணல் மூட்டைப் பக்கம் நின்ற இன்னொரு சிப்பாய் இரண்டு அடி முன்னால் வந்தான். சின்னவனின் சிரிப்பு போய்விட்டது.

அதிகாரி என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார். தட்டுகள் வைத்த பெட்டி உன்னிடம் இருந்ததா?

"நோ சார்," என்றேன்.

எமில் திரும்பவில்லை. நீட்டிய விரல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கையை இறக்கினான். நான் தமிழில் சொன்னேன்.

"எமில், பெட்டியே இல்லை. ரொம்ப நாளைக்கு முந்தியே தூக்கிப் போட்டுட்டேன். கடிதத்துல எழுதினது பொய்."

அவன் சிங்களத்தில் அதிகாரியிடம் நிதானமாக நாலைந்து வரி பேசினான். சின்ன சிப்பாயைப் பார்த்துத் தலை குனிந்து ஏதோ சொன்னான். அதிகாரி சிரித்தார், கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார். எமில் வேண்டாம் என்றான்.

வெளியே ரோட்டோரம் பேருந்துக்காக நின்றோம். என்ன சொன்னாய் என்று கேட்டேன். எனக்கு வயதாகிவிட்டது, நண்பன் வேறு பெட்டியைச் சொன்னதை நான் தவறாக விளங்கிக்கொண்டேன், பிள்ளை மன்னிக்க வேண்டும் என்று சொன்னதாகச் சொன்னான். குரலில் கோபம் இல்லை. ஒரு மாட்டு வண்டி போயிற்று. அது மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"பசியா மச்சான்?"

அப்போது பசியால் விற்றாயா என்று கேட்கிறான். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவன் அதை நம்பி, என்னை மன்னித்தும் இருப்பான்.

"இல்லை. தூக்கிக்கிட்டு அலைய முடியலை."

"பன்னிரண்டு ரெக்கோட். என்ன பாரம் வரும்?"

பேருந்து தூரத்தில் தெரிந்தது.

"சொல்லியிருந்தா அலுமாரியப் பாதியா அடிச்சிருப்பன்," என்றான். "அந்த மரத்தில ஷெரினுக்கு ஒரு தையல் மேசை வந்திருக்கும்."

பேருந்தில் இரண்டு பேருக்கும் சேர்ந்து இடம் கிடைத்தது. நான் பையை எங்கும் வைத்துவிட்டுப் போகிற ஆள் இல்லை, அது என் தோளில்தான் இருந்தது. செங்கலடிச் சந்தியில் எழுந்தேன். எங்கே போகிறாய் என்று எமில் கேட்கவில்லை. காலை நகர்த்தி வழிவிட்டான்.

"ஷெரினுக்கு நான் சொல்றன்," என்றான். என்ன சொல்வான் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

சந்தியில் நின்ற டிராக்டர் ஒன்று கரடியனாற்றுக்குப் போனது. அறுவடைக் காலம், ஆள் தேடுகிறார்கள் என்று அதில் இருந்தவர்கள் சொன்னார்கள். பின்னால் இழுவைப் பெட்டியில் காலிச் சாக்குகள் மேல் உட்கார்ந்து போனேன். வழி நெடுக வெட்டுக்கல் மண்ணும் வயலும். எங்கள் பக்கம் உப்பளத்தில் பாத்தி பாத்தியாகப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, இங்கே வயல் ஒரே விரிப்பாகக் கிடப்பது அளவு பிடிபடவில்லை. அப்படிக் கிடக்கிற வயல்வெளியை வட்டை என்கிறார்கள். மாலையில் ஒரு கடையில் பாணும் சம்பலும் தின்றேன். கடைக்காரர் விறாந்தையில் இடம் தந்தார். ஊர் திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். திரும்புவதற்கு ஊரில் எனக்கு ஒன்றும் இல்லை என்பதால் அதிக நேரம் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை வட்டைக்குப் போனேன். நிலச் சொந்தக்காரரைப் போடியார் என்று கூப்பிட்டார்கள். ஐம்பது ஐம்பத்தைந்து வயது, சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். வயல் இன்னும் காயவில்லை, டிராக்டரை இறக்கினால் புதைந்துவிடும். நெல் மூட்டைகளை வரம்பு வழியாக மேட்டு ரோட்டுக்குச் சுமக்க வேண்டும். என் விசாவில் வேலை செய்யக் கூடாது என்று எழுதியிருந்தது. அவர் விசாவைக் கேட்கவில்லை.

"இஞ்ச ஆரத் தெரியும்?" என்றார்.

போருக்குப் பிறகும் முன்பின் தெரியாதவனை இங்கே வயலில் இறக்குவதில்லை. யாராவது ஒருவர் எனக்குத் தெரிந்த ஆள் என்று சொல்ல வேண்டும். எனக்கு இந்தத் தீவில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. சொன்னேன்.

"தச்சு வேல எமில் ஐயாவா? எங்கட வீட்டுக் கதவு முழுக்க அவர்ட வேலதானே," என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார்.

பேசிக்கொண்டு வரம்பில் கொஞ்சத் தூரம் நடந்தார். நான் நின்றேன். தெரியாது என்று எமில் சொன்னால் அடுத்த டிராக்டரில் ஏற வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அதைத் தவறென்றும் சொல்ல முடியாது. போடியார் நடுவில் ஒருமுறை சிரித்தார். திரும்பி வந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தெரிஞ்ச ஆள்தான், வேல குடுங்க எண்டார். ஆனா ஒண்டு சொன்னார். பாரத்த நடுவழியில வெச்சிட்டுப் போற ஆளாம், கண் வெச்சிருக்கட்டாம்."

நண்பர்கள் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வது என்றுதான் அவர் நினைத்துச் சிரித்தார்.

"உண்மைதான் ஐயா," என்றேன்.

துண்டைச் சுருட்டித் தோளில் போட்டேன். இரண்டு பேர் மூட்டையைப் பிடித்து ஏற்றினார்கள். வரம்பு ஈரமாக இருந்தது, ரோடு கால் மைல் தூரம். பாதியில் வாய்க்கால் கட்டு ஒன்று இடுப்பளவுக்கு வந்தது. அதன்மேல் மூட்டையைச் சாய்த்து நின்றேன். திரும்பிப் பார்த்தபோது போடியார் இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வந்ததும் குனிந்து மறுபடி தோளில் ஏற்றிக்கொண்டேன்.